அப்பாவின் கணினியில் ஓயாத விளம்பரம்: ஓஎஸ் மாற்றுவதுதான் ஒரே வழியா?

கேள்வி இதுதான். வீரவநல்லூரில் அப்பா ஒரு விண்டோஸ் 10 கணினி வைத்திருக்கிறார். ஓய்வு பெற்ற பிறகு ஊர்க்காரர்களுக்கு மனுவும் விண்ணப்பமும் அடித்துக் கொடுப்பது அவருடைய பொழுது. ஏதோ ஒரு தமிழ் எழுத்துருவை இணையத்திலிருந்து இறக்கினாராம். அதற்கப்புறம் திரையின் மூலையில் 'வைரஸ் இருக்கிறது' என்று சீட்டு சீட்டாக வருகிறது. குரோமைத் திறந்தால் யாருக்கும் தெரியாத ஒரு தேடல் பக்கம் வருகிறது. யாரும் கேட்காமல் வந்து உட்கார்ந்த ஒரு 'கிளீனர்', கணினியில் 1,472 கோளாறு இருப்பதாகச் சொல்லிப் பணம் கேட்கிறது. கடையில் காட்டியதற்கு, "ஓஎஸ் மாத்தணும், எல்லாம் அழிஞ்சுரும்" என்றிருக்கிறார்கள், அதாவது விண்டோஸையே அழித்துவிட்டுப் புதிதாகப் போட வேண்டும் என்று. பொங்கலுக்கு நீங்கள் ஊருக்குப் போகிறீர்கள், கையில் இரண்டு நாள் இருக்கிறது. அப்பாவின் கோப்புகள் போகாமல் இதைச் சரிசெய்ய முடியுமா?

முடியும். நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் ஒரு மத்தியானப் பொழுதுக்கான வேலைதான். பாளையங்கோட்டையில் பதினாறு வருடமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். 'வைரஸ்' என்று என்னிடம் தூக்கிக்கொண்டு வரும் வீட்டுக் கணினிகளில் பெரும்பாலானவற்றில் வைரஸே கிடையாது. யாரோ ஒருவர், ஏதோ ஒரு நாள், ஒரு பொத்தானை அமுக்கி உள்ளே விட்ட ஆட்வேர்தான், அதாவது விளம்பரம் காட்டிப் பிழைக்கும் மென்பொருள்தான் இருக்கும். ஓட்டைப் பிரித்து இறங்கிய திருடனைத் தேடுவது வேறு. நாமே 'வாங்க' என்று திண்ணையில் உட்கார வைத்தவர், எந்த வாசல் வழியாக வந்தாரோ அதே வாசல் வழியாக அவரை அனுப்பிவிடலாம்.

அதனால் மௌஸைத் தொடுவதற்கு முன்னால் அப்பாவிடம் ஒன்று கேளுங்கள்: இது என்றைக்கு ஆரம்பித்தது? தேதி சொல்ல மாட்டார். "சொக்கப்பனை கொளுத்தின மறுநாள்" என்பார், அல்லது "ராமசாமி மகளுக்குப் பட்டா மாறுதல் மனு அடிச்ச அன்னைக்கு" என்பார். அது போதும். அந்த மனுவின் கோப்பைத் தேடி அதன் தேதியைப் பாருங்கள். நாள் கிடைத்துவிடும். இனி எங்கே போனாலும் இந்தத் தேதிதான் நமக்குத் துப்பு. 'டவுன்லோட்ஸ்' கோப்புறையைத் தேதிவாரியாக அடுக்கினால் அன்றைக்கு இறங்கியது எது என்று தெரியும். குரோமின் ஹிஸ்டரியில் அதே நாளுக்குப் போனால் எந்தத் தளத்திலிருந்து இறங்கியது என்று தெரியும். பெயரை வைத்துத் தேடினால் தோற்றுப்போவீர்கள், ஏனென்றால் இவை வைத்துக்கொள்ளும் பெயரெல்லாம் 'அப்டேட்', 'ஹெல்ப்பர்', 'அசிஸ்டன்ட்' என்று வெகு யோக்கியமாக இருக்கும். பெயரில் வேஷம் போடலாம், வந்து இறங்கிய நாளை மறைப்பது அவ்வளவு சுலபமில்லை.

எதையும் நீக்குவதற்கு முன்னால் அப்பாவின் ஆவணங்களையும் படங்களையும் ஒரு பென்டிரைவுக்கோ வெளி ஹார்டு டிஸ்க்குக்கோ எடுத்து வைத்துவிடுங்கள். வேர்டு, பிடிஎஃப், படம், அவ்வளவுதான். இன்ஸ்டாலர்களை எடுக்காதீர்கள், நோயையும் சேர்த்து மூட்டை கட்டுவதில் அர்த்தமில்லை. டெஸ்க்டாப்பை மறக்காமல் பாருங்கள். நம் பெரியவர்கள் முக்கியமான எல்லாவற்றையும் டெஸ்க்டாப்பில்தான் பரப்பி வைத்திருப்பார்கள்.

சரி, இப்போது அந்த மூலைச் சீட்டுகள். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இதுதான் எல்லோரையும் அதிகம் பயமுறுத்துவது. எடுப்பதற்கு இதுதான் மிகச் சுலபம்.

கல்லிடைக்குறிச்சியில் அப்பளத் தொழில் செய்யும் அண்ணாச்சி ஒருவர் போன வருடம் கூப்பிட்டார். "தம்பி, ரெண்டு நாளா இந்தப் பொட்டிக்குள்ள ஒருத்தன் உக்காந்து மணி அடிச்சுக்கிட்டே இருக்கான். என்னன்னு வந்து பாரு." போனேன். பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை 'டிங்' என்று சத்தம், வலது கீழ் மூலையில் ஒரு சிவப்புக் கேடயம், 'உங்கள் கணினியில் 5 வைரஸ்கள், உடனே நீக்குங்கள்'. மகன் மூன்று முறை ஸ்கேன் ஓட்டியிருக்கிறான், ஒன்றும் சிக்கவில்லை. சிக்காது. அங்கே பிடிப்பதற்கு எதுவுமே இல்லை.

அடுத்த 'டிங்' வரும்வரை காத்திருந்து, சீட்டு வந்ததும் அண்ணாச்சியின் மூக்குக் கண்ணாடியை வாங்கித் திரைக்குப் பக்கத்தில் பிடித்துக் காட்டினேன். கேடயத்தையும் சிவப்பு எழுத்தையும் தாண்டி, 'கூகுள் குரோம்' என்ற பெயரும், பக்கத்திலேயே சாம்பல் நிறத்தில் பொடி எழுத்தாக ஒரு தளத்தின் முகவரியும் இருந்தன. விண்டோஸ் சொன்ன எச்சரிக்கையாக இருந்தால் அங்கே எதற்கு ஒரு தளத்தின் பெயர்?

"அண்ணாச்சி, எதையாவது அமுக்குனியளா?"

"நான் என்னத்த அமுக்க? ஜிஎஸ்டி பத்திப் பாத்துக்கிட்டு இருந்தேன். அது, நீ மனுசனா மிஷினான்னு கேட்டுச்சு. மனுசன்தான்னு அமுக்குனேன். அதுல ஒரு தப்பா?"

தப்பில்லைதான். ஆனால் அந்தப் பக்கம் கேட்ட கேள்வி ஒன்று, அவர் அமுக்கிய பொத்தான் வேறு. 'நீங்கள் ரோபோ இல்லை என்று நிரூபிக்க அலவ் அழுத்துங்கள்' என்று எழுதியிருக்கும். மேலே முகவரிப் பட்டையை ஒட்டி எட்டிப் பார்க்கும் அந்த 'அலவ்', உண்மையில் அறிவிப்பு அனுப்பலாமா என்று குரோம் கேட்கும் அனுமதி. அதைக் கொடுத்துவிட்டால் அந்தத் தளத்தை மூடினாலும் அது நினைத்த நேரத்தில் சீட்டு அனுப்பும்.

எடுப்பது இப்படி. குரோமில் வலது மேல் மூலையில் மூன்று புள்ளி, செட்டிங்ஸ், 'பிரைவசி அண்ட் செக்யூரிட்டி', அதில் 'சைட் செட்டிங்ஸ்', அதில் 'நோட்டிஃபிகேஷன்ஸ்'. அனுமதி பெற்ற தளங்களின் பட்டியல் அங்கே இருக்கும். அண்ணாச்சி கணினியில் பதினொன்று இருந்தன. தெரியாத ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் உள்ள மூன்று புள்ளியை அழுத்தி 'பிளாக்' கொடுங்கள். 'ரிமூவ்' கொடுத்தால் அந்தத் தளம் திரும்பவும் கேட்கும், அப்பா திரும்பவும் மனிதன்தான் என்று நிரூபிப்பார். அதே பக்கத்தின் மேலே, எந்தத் தளமும் அறிவிப்பு அனுப்பவோ கேட்கவோ கூடாது என்று வைக்கவும் வழி இருக்கிறது. அப்பா வயதுக்காரர்களுக்கு அதையே போட்டுவிடுவேன். எட்ஜ் உலாவியிலும் இதே பட்டியல் தனியாக இருக்கிறது, அதையும் பாருங்கள். அப்பாவின் ஆண்ட்ராய்டு போனில் உள்ள குரோமையும் ஒரு எட்டு பார்த்துவிடுங்கள்.

மூலைச் சீட்டு ஓய்ந்தது. இனி அந்தக் கிளீனர்.

விண்டோஸ் பொத்தானை அழுத்தி 'கண்ட்ரோல் பேனல்' என்று தேடித் திறந்து, 'புரோகிராம்ஸ் அண்ட் ஃபீச்சர்ஸ்' போங்கள். 'இன்ஸ்டால்டு ஆன்' என்ற தலைப்பை அழுத்தினால் எல்லாம் தேதிவாரியாக அடுக்கிக்கொள்ளும். நம் துப்புத் தேதியில் நிற்பவர்களைப் பாருங்கள். ஒருவர் மட்டும் இருக்க மாட்டார். எழுத்துருவோடு சேர்ந்து கிளீனர், டிரைவர் அப்டேட்டர், ஏதோ ஒரு உலாவி, கூப்பன் தேடித் தரும் ஒன்று என்று ஒரே நாளில் குடும்பத்தோடு வந்திருப்பார்கள். ஒரு விஷயம்: ஏற்கெனவே இருக்கும் நல்ல மென்பொருள் தன்னைப் புதுப்பித்துக்கொண்டாலும் அதன் தேதி மாறும். அதனால் தேதி பொருந்தினால் உடனே தூக்காமல், தயாரிப்பாளர் பெயரைப் பார்த்து, புரியாவிட்டால் போனில் அந்தப் பெயரைத் தேடிப் பார்த்துவிட்டு நீக்குங்கள்.

நீக்கும்போது வரும் திரைகளை நிதானமாகப் படிக்க வேண்டும். இவர்கள் சாமர்த்தியத்தை எல்லாம் கொட்டியிருப்பது இங்கேதான். 'போகாதீர்கள், பாதி விலைக்குத் தருகிறோம்' என்று பெரிய பச்சைப் பொத்தான் இருக்கும். நீக்குவதற்கான சொல் கீழே சாம்பல் நிறத்தில், பொத்தான் என்றே தெரியாதபடி கிடக்கும். ஒரு திரையில் 'யெஸ்' என்றால் நீக்கு, அடுத்த திரையில் 'யெஸ்' என்றால் வைத்துக்கொள். அவசரப்படாதீர்கள். ஓடிக்கொண்டிருப்பதால் நீக்க முடியாது என்று அடம்பிடித்தால், கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறந்து அதை 'எண்ட் டாஸ்க்' செய்துவிட்டு மறுபடி நீக்குங்கள். அங்கேயே 'ஸ்டார்ட்அப்' பகுதியையும் பார்த்து, கணினி திறக்கும்போதே எழுந்துகொள்ளும் தெரியாத ஆசாமிகளை 'டிசேபிள்' செய்யுங்கள்.

அந்த 1,472 கோளாறு பற்றி நீங்கள் பயப்படத் தேவையில்லை. தளங்கள் உலாவியில் விட்டுப்போகும் குக்கி என்ற சிறு குறிப்பு ஒவ்வொன்றும், விண்டோஸ் தன் அமைப்புகளை எழுதிவைக்கும் ரிஜிஸ்ட்ரியில் மிச்சம் கிடக்கும் வரி ஒவ்வொன்றும் இவர்கள் கணக்கில் ஒரு கோளாறு. புத்தம் புதுக் கணினியிலும் நூற்றுக்கணக்கில் காட்டுவார்கள். ரிஜிஸ்ட்ரியைத் 'துடைத்து' வேகம் கூட்டுவதாகச் சொல்லும் எதையும் வீட்டுக் கணினியில் போட வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

அடுத்தது தெரியாத தேடல் பக்கம். குரோமோடு ஒட்டிக்கொள்ளும் துணைச் செயலிகளின் பட்டியலான 'எக்ஸ்டென்ஷன்ஸ்' பக்கத்துக்குப் போய், நீங்களோ அப்பாவோ வேண்டுமென்று போடாத எல்லாவற்றையும் 'ரிமூவ்' செய்யுங்கள். பிறகு செட்டிங்ஸில் 'ரீசெட் செட்டிங்ஸ்' என்று ஒன்று இருக்கிறது. அதைக் கொடுத்தால் முகப்புப் பக்கம், தேடுபொறி எல்லாம் பழையபடி வந்துவிடும். புக்மார்க்கும் சேமித்த கடவுச்சொல்லும் போகாது. எக்ஸ்டென்ஷன்கள் அணைக்கப்படும், குக்கி அழியும், அதனால் தளங்களில் மறுபடி உள்நுழைய வேண்டியிருக்கும்.

அப்படியும் திரும்பி வந்தால் மூன்று இடம் பார்க்க வேண்டும். முதலாவது, டெஸ்க்டாப்பில் இருக்கும் குரோம் ஐகானே. அதில் வலது கிளிக், 'பிராப்பர்ட்டீஸ்', 'டார்கெட்' பெட்டியில் உள்ள வரி குரோம் என்ற இஎக்ஸ்இ கோப்போடு முடிய வேண்டும். அதற்குப் பின்னால் ஒரு இணைய முகவரி வால் மாதிரி தொங்கினால் அதுதான் விஷயம். அந்த ஐகானைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக ஒன்று வையுங்கள். இரண்டாவது, சிங்க், அதாவது ஒரே கூகுள் கணக்கில் உள்ள குரோம்களை ஒன்றுபோல வைத்திருக்கும் வசதி. அப்பாவின் கூகுள் கணக்கு உங்கள் லேப்டாப்பிலும் திறந்திருந்தால், இங்கே நீக்கிய எக்ஸ்டென்ஷன் அங்கிருந்து திரும்பவும் வந்து இறங்கும். வேலை முடியும்வரை சிங்கை நிறுத்தி, எல்லாக் கணினியிலும் நீக்கிவிட்டு அப்புறம் தொடங்குங்கள்.

மூன்றாவது கொஞ்சம் கள்ளத்தனமானது. எக்ஸ்டென்ஷனை நீக்கவே விடாமல், குரோம் மெனுவின் அடியில் 'உங்கள் நிறுவனத்தால் நிர்வகிக்கப்படுகிறது' என்ற பொருளில் ஆங்கிலத்தில் ஒரு வரி வரும். அலுவலகம் கொடுத்த லேப்டாப்பில் அது நியாயம். வீரவநல்லூர் வீட்டில் எந்த நிறுவனம் வந்து நிர்வகிக்கிறது? அலுவலகங்களுக்காகக் கூகுள் வைத்த 'பாலிசி' வசதியில் இவர்கள் புகுந்திருக்கிறார்கள் என்று பெரும்பாலும் அர்த்தம். நீங்கள் பணம் கொடுத்து வாங்கிய ஆன்டிவைரஸும் சில சமயம் இப்படி ஒரு பாலிசி வைக்கும், அதை மட்டும் விலக்கிப் பாருங்கள். ரிஜிஸ்ட்ரி எடிட்டரில் 'லோக்கல் மெஷின்', அதில் 'சாஃப்ட்வேர்', 'பாலிசீஸ்', 'கூகுள்', 'குரோம்' என்று இறங்கினால் அது இருக்கும். 'கரன்ட் யூசர்' கிளையிலும் இதே பாதையைப் பாருங்கள். முதலில் வலது கிளிக் செய்து 'எக்ஸ்போர்ட்' கொடுத்துப் பிரதி எடுத்துவிட்டு, அந்தக் 'குரோம்' கிளையை மட்டும் நீக்குங்கள். கை நடுங்கினால் இதை விட்டுவிட்டு அடுத்த படிக்குப் போங்கள், அங்கே பெரும்பாலும் தானாகவே பிடிபடும்.

அந்த அடுத்த படி ஸ்கேன். இதற்கென்று தனியாக ஆன்டிவைரஸ் வாங்க வேண்டாம். 'விண்டோஸ் செக்யூரிட்டி' உள்ளேயே இருக்கிறது. ஸ்கேனுக்கு முன்னால் அதில் இரண்டு விஷயம் பாருங்கள். ஒன்று, 'ஆப் அண்ட் பிரவுசர் கண்ட்ரோல்' பகுதியில் 'ரெப்யுடேஷன்' என்று தொடங்கும் அமைப்பு. அதில், வைரஸ் இல்லாவிட்டாலும் வேண்டாதது என்று படும் மென்பொருளைத் தடுக்கும் தேர்வு இருக்கிறது. 2020-இல் வந்த விண்டோஸ் 10 புதுப்பிப்பிலிருந்து இது எல்லோருக்கும் உண்டு, ஆனால் பல விண்டோஸ் 10 கணினிகளில் அணைந்தே கிடக்கிறது. ஆட்வேரைப் பொறுத்தவரை காவல்காரனே அதுதான், முடுக்கிவிடுங்கள். இரண்டாவது, 'வைரஸ் அண்ட் த்ரெட் புரொடெக்‌ஷன்' அமைப்புகளின் அடியில் இருக்கும் 'எக்ஸ்க்ளூஷன்ஸ்'. இந்தக் கோப்புறையைப் பார்க்காதே, விட்டுவிடு என்று, விண்டோஸோடு வரும் ஆன்டிவைரஸான டிஃபெண்டரிடம் சொல்லிவைக்கும் பட்டியல் அது. வீட்டுக் கணினியில் காலியாகத்தான் இருக்க வேண்டும். சி டிரைவ் முழுவதையும் அங்கே எழுதிவைத்திருந்த கணினியைப் பார்த்திருக்கிறேன். வாட்ச்மேன் இருந்தான், கண்ணைக் கட்டி உட்கார வைத்திருந்தார்கள்.

இரண்டையும் சரிசெய்துவிட்டு 'ஃபுல் ஸ்கேன்' விடுங்கள், அதுபாட்டுக்கு ஓடட்டும். முடிந்ததும் 'ஆஃப்லைன் ஸ்கேன்' ஒன்று. கணினி அணைந்து, விண்டோஸ் முழுசாக எழுவதற்கு முன்பே தேடிப் பிடிப்பது அது. கால்மணி நேரம் ஆகும். கரண்டு போகும் நேரமாகப் பார்த்து அதைத் தொடங்காதீர்கள். அப்புறம் மால்வேர்பைட்ஸ் நிறுவனத்தின் 'ஆட்விகிளீனர்'. இலவசம், இன்ஸ்டால் செய்ய வேண்டியதில்லை, ஆட்வேருக்கென்றே உருவானது. தனியாக இருந்ததை 2016-இல் அந்த நிறுவனம் வாங்கியது. பிடித்ததை உடனே அழிக்காமல் 'குவாரன்டைன்' செய்து வைக்கும், தவறாகப் பிடித்திருந்தால் மீட்கலாம். இதை நிறுவனத்தின் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள். தேடல் முடிவில் முதலில் வரும் 'இலவச டவுன்லோடு' தளத்திலிருந்து இறக்கினால், அடுத்த பொங்கலுக்கும் இதே வேலைக்கு ஊருக்குப் போக வேண்டியிருக்கும். பழைய குறிப்புகள் சிலவற்றில் குரோமுக்குள்ளேயே ஒரு சுத்தம் செய்யும் கருவி இருப்பதாக எழுதியிருப்பார்கள். அதைக் கூகுள் 2023-இல் எடுத்துவிட்டது, தேட வேண்டாம்.

எல்லாம் முடித்துக் கணினியை அணைத்துத் திறந்தால், யாரும் தொடாமலே உலாவி எழுந்து ஒரு விளம்பரப் பக்கத்தைக் காட்டுகிறது என்றால், 'டாஸ்க் ஷெட்யூலர்' பாருங்கள். ஒவ்வொரு பணியையும் அழுத்தி அதன் 'ஆக்‌ஷன்ஸ்' பகுதியில் என்ன ஓடுகிறது என்று பார்த்தால் போதும். அங்கே ஒரு இணைய முகவரி இருந்தால் சந்தேகமே வேண்டாம், நீக்குங்கள். 'ஆப்டேட்டா', 'டெம்ப்' கோப்புறைகளுக்குள் இருந்து ஓடினால் யோசியுங்கள். ஆனால் நல்ல மென்பொருள் சிலவும் ஆப்டேட்டாவில்தான் குடியிருக்கும். 'கிரியேட்டட்' தேதி இங்கேயும் கை கொடுக்கும். இதையும் தாண்டிப் போக வேண்டியிருந்தால் மைக்ரோசாஃப்டின் 'ஆட்டோரன்ஸ்' இருக்கிறது. கணினி திறக்கும்போது தானாக ஓடும் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் காட்டும். மைக்ரோசாஃப்டின் சொந்த வரிகளை மறைக்கும் தேர்வைப் போட்டுக்கொண்டு, மிச்சத்தில் ரோஜா நிறத்தில் தெரிபவற்றைப் பாருங்கள். அழிக்காமல் டிக்கை மட்டும் எடுங்கள். ஒரு நாள் ஓட்டிப் பார்த்து, எதுவும் கெடவில்லை என்றால் அப்புறம் அழிக்கலாம்.

சுத்தம் செய்த பிறகு இன்டர்நெட்டே வேலை செய்யவில்லை என்றால் பதற வேண்டாம். சில ஆட்வேர்கள் உங்கள் இணையப் போக்குவரத்தைத் தன் வழியாகத் திருப்பி வைத்திருக்கும். ஆள் போன பிறகும் அம்புக்குறி அப்படியே நிற்கும். செட்டிங்ஸில் 'நெட்வொர்க்' பகுதியில் 'பிராக்ஸி' போய், கையால் அமைக்கும் பிராக்ஸியை அணைத்தால் சரியாகிவிடும்.

'விளம்பரம்தானே, வந்துவிட்டுப் போகட்டும்' என்று அப்பா சொல்லக்கூடும். 2015 பிப்ரவரியில் வெளியான சூப்பர்ஃபிஷ் விவகாரத்தைச் சொல்லுங்கள். லெனோவோ விற்ற சில புது லேப்டாப்களில் முன்கூட்டியே போடப்பட்டு வந்த ஆட்வேர் அது. தேடல் பக்கத்தில் விளம்பரம் செருகுவதற்காக, விண்டோஸின் நம்பிக்கைப் பட்டியலிலேயே தன் சான்றிதழைச் சேர்த்துக்கொண்டது. அதனால் பூட்டுப் படம் போட்ட வங்கிப் பக்கத்தையும் இடையில் புகுந்து படிக்க வழி பிறந்தது. விளம்பரம் காட்டுவதற்காகச் செய்த ஓட்டை, வேறு யாருக்கும் வாசலாகலாம். 2017-இல் 'ஃபயர்பால்' என்று ஒன்று பேசப்பட்டது. இலவச மென்பொருளோடு ஒட்டிக்கொண்டு வந்து முகப்புப் பக்கத்தை மாற்றும், உங்கள் அப்பாவுக்கு நடந்த அதே கதை. உலகம் முழுக்க 25 கோடிக் கணினிகளில், அதில் இந்தியாவில் மட்டும் இரண்டரைக் கோடியில் இருப்பதாகச் செக் பாயின்ட் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனம் அறிவித்தது. எண்ணிக்கை மிகை என்று மைக்ரோசாஃப்ட் மறுத்தது. எது எப்படியோ, பட்டியலில் முதலில் நின்றது நம் நாடு.

சரி, ஓஎஸ் மாற்றச் சொன்ன கடைக்காரர் சொன்னது முழுத் தப்பா? அவருடைய கணக்கு வேறு. தேடித் தேடி எடுக்க அரை நாள் ஆகும், அழித்துவிட்டுப் புதிதாகப் போட ஒரு மணி நேரம். நான் தொழிலுக்கு வருவதற்கு முன்னால் எங்கள் வீட்டுக் கணினியை ஜங்ஷன் பக்கம் ஒரு கடையில் கொடுத்தேன். 'டி டிரைவைத் தொட மாட்டோம்' என்றார்கள். திரும்பி வந்தபோது டி டிரைவே இல்லை, இரண்டையும் ஒன்றாக்கியிருந்தார்கள். எங்கள் ஆச்சி சிரித்த மாதிரி இருந்த ஒரே படம் அதில்தான் இருந்தது. அதோடு, போட்டுக் கொடுத்த விண்டோஸ் திருட்டுப் பிரதி. அதை உயிரோடு வைக்க ஒரு 'ஆக்டிவேட்டர்'. அது வேலை செய்ய டிஃபெண்டரை அணைத்திருந்தார்கள். மூன்றே மாதத்தில் முன்பைவிட மோசமானது.

அதனால் உங்கள் அப்பாவின் கணினியில் ஆக்டிவேட்டர் ஏதும் இருந்தால் மட்டும் என் பதில் மாறும். அப்போது வந்தது ஆட்வேர் மட்டும்தான் என்று அடித்துச் சொல்ல முடியாது, கடவுச்சொல் திருடுபவையும் அந்த வழியாகத்தான் வருகின்றன. கோப்புகளை எடுத்து வைத்துவிட்டு, முறையான விண்டோஸைப் புதிதாகப் போட்டுவிடுங்கள். மின்னஞ்சலில் தொடங்கி வங்கிவரை கடவுச்சொற்களை வேறொரு கருவியிலிருந்து மாற்றுங்கள். இன்னொன்று: விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டது. அந்தக் கணினி விண்டோஸ் 11-ஐத் தாங்குமா என்று 'விண்டோஸ் அப்டேட்' பக்கத்தில் பாருங்கள். தாங்காவிட்டால் 2026 அக்டோபர் வரை பாதுகாப்புப் புதுப்பிப்பு பெறுவதற்கான பதிவும் அதே பக்கத்தில்தான் இருக்கும்.

இனி, ஆரம்பித்த இடம்: எழுத்துரு. வானவில்லோ வேறு எதுவோ, எழுத்துரு என்பது டிடிஎஃப் அல்லது ஓடிஎஃப் என்று முடியும் ஒரு சின்னக் கோப்பு. அதற்கு இஎக்ஸ்இ என்று முடியும் இன்ஸ்டாலர் எதற்கு? விண்டோஸ் இந்த வாலை மறைத்துத்தான் காட்டும். ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் 'வியூ' போய் 'ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்' டிக் செய்துவிட்டு அப்பாவுக்கு ஒரு தடவை காட்டுங்கள். டவுன்லோடு தளங்களில் பளபளவென்று இருக்கும் மூன்று 'டவுன்லோடு' பொத்தான்களும் விளம்பரம், உண்மையானது கீழே நீல எழுத்தில் ஒரு வரியாக இருக்கும் என்பதையும் சொல்லுங்கள்.

மனு அடிக்க இனிப் பழைய எழுத்துருவே தேவைப்படாமல் போகலாம். தனி எழுத்துரு இல்லாமலே எந்தக் கணினியிலும் தமிழைத் தமிழாகக் காட்டும் யூனிகோடு முறையைத் தமிழ்நாடு அரசு 2010-லேயே ஏற்றுக்கொண்டது. தமிழ் 99 விசைப்பலகை விண்டோஸிலேயே இருக்கிறது, 'லாங்குவேஜ்' அமைப்பில் தமிழைச் சேர்த்தால் போதும், எதையும் இறக்க வேண்டியதில்லை. பழைய தட்டச்சு முறையில் பழகிய கை என்றால் அப்பா முனகுவார். அது அவர் இஷ்டம், வற்புறுத்தாதீர்கள். பட்டா, வில்லங்கம் பார்க்கும் அரசுப் பக்கங்களை மட்டும் புக்மார்க்கில் போட்டுக் கொடுங்கள். ஒவ்வொரு முறையும் கூகுளில் தேடிப் போவதில்தான் விளம்பரத் தளங்களில் மாட்டிக்கொள்கிறார்கள்.

கிளம்புவதற்கு முன் கடைசி வேலையாக, அப்பாவின் கணக்கை 'ஸ்டாண்டர்ட் யூசர்' ஆக்கி, தனியாக ஒரு 'அட்மினிஸ்ட்ரேட்டர்' கணக்கைக் கடவுச்சொல்லோடு வையுங்கள். கணினி முழுவதற்குமாக எதையாவது இன்ஸ்டால் செய்யப் போனால் அது கடவுச்சொல் கேட்கும், அப்பா உங்களுக்குப் போன் செய்வார். "என் கம்ப்யூட்டருக்கு நீ பூட்டா?" என்று கோபம் வரும். ஆகவே கடவுச்சொல்லை ஒரு சீட்டில் எழுதி அம்மாவிடம் கொடுத்துவிட்டு வாருங்கள். எங்கள் வீட்டில் அப்படித்தான் ஓடுகிறது.

நீங்கள் எழுதாத ஒன்றும் இருக்கிறது. அந்தக் கிளீனருக்கு அப்பா ஏற்கெனவே கார்டில் பணம் கட்டினாரா, அல்லது திரையில் வந்த எண்ணுக்குப் போன் செய்து யாரையாவது கணினிக்குள் விட்டாரா? தனியாக இருக்கும்போது, கோபப்படாமல் கேளுங்கள். கட்டியிருந்தால் வீட்டில் சொல்லியிருக்க மாட்டார். பணம் போயிருந்தால் முதலில் வங்கிக்குச் சொல்லிக் கார்டை முடக்குங்கள், உடனே இணைய மோசடிப் புகாருக்கான 1930 என்ற எண்ணில் புகார் கொடுங்கள். யாரையாவது உள்ளே விட்டிருந்தால் முதலில் நெட் கேபிளைப் பிடுங்குங்கள், தொலைவிலிருந்து இயக்கும் எனிடெஸ்க் மாதிரியான செயலியை நீக்குங்கள், மேலே ஆக்டிவேட்டருக்குச் சொன்னதை எல்லாம் அப்படியே செய்யுங்கள்.